கப்பலேறும் முன் சில சிந்தனைகள்

 

கப்பல் என்னும் சொல் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. நம் கடற்கரை ஊர்களின் பல இல்லங்களில் அடுப்பெரிந்ததும், பெண்மக்களுக்குத் திருமணம் நடந்ததும், பள்ளிவாசல்களுக்கு மினாரா எழுந்ததும் கப்பலேறிச் சென்ற ஆண்மக்களின் உழைப்பினால்தான். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மூத்தோர் 'ரஜூலா' கப்பலில் சென்றனர்; அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் சென்றனர். 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் கடலில் தீப்பிடித்ததோடு அப்போக்குவரத்து முடிவுற்றது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளைச் சுமந்து சென்ற கப்பல் பயணமும் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன்பின் நாம் விமானத்திற்குப் பழகிவிட்டோம்.

இன்று கப்பல் வேறொரு வடிவில் நம் இல்லங்களின் பேச்சுக்குள் மீண்டும் வந்திருக்கிறது. அதுவே உல்லாசக் கப்பல். அன்று கப்பல் ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் வழி. இன்றோ கப்பலே ஓர் ஊர். உண்பதும் உறங்குவதும் உலவுவதும் அதிலேயே. இரண்டு மூன்று துறைமுகங்களைக் காட்டிவிட்டு, பெரும்பாலும் புறப்பட்ட இடத்திற்கே அது நம்மைத் திரும்பக் கொண்டு வந்து சேர்க்கும். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 'கார்டீலியா' நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் இத்தகைய பயணத்தைத் தொடங்கியபின், "நாமும் ஒருமுறை போய் வரலாமே" என்ற பேச்சு நடுத்தரக் குடும்பங்களிலும் எழக் காண்கிறோம்.

போகலாமா? போவதாயின் எதைத் தேர்ந்தெடுப்பது? இவ்விரு கேள்விகளும் என் குடும்பத்திலேயே எழுந்தன. அவற்றுக்கு விடை தேடியதில் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லாத்தாவின் கேள்வி

என் மூத்த லாத்தாவுக்கு வயது அறுபத்தாறு. என்னைத் தூக்கி வளர்த்தவர். மச்சான் இளமையில் பலமுறை சிதம்பரம் கப்பலில் சிங்கப்பூர் சென்று உழைத்தவர். ஒவ்வொரு முறையும் அவரை வழியனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர் லாத்தா. 2022ஆம் ஆண்டு மச்சான் வஃபாத்தானார். இத்தா முடிந்து, பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துச் சற்றுத் தேறிய பின், சிங்கப்பூரிலிருக்கும் மகன், "உம்மா, வாங்க. நாமெல்லாம் சேர்ந்து கப்பலில் பினாங்கு போய் வருவோம். செலவு என் பொறுப்பு" என்று அழைத்தார்.

லாத்தாவுக்கு ஆசை இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்கள், "அது சூதாடுகிற கப்பலாமே! மச்சான் இல்லாத வயதில் இது தேவையா?" என்று சொன்ன சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. ஒரு நாள் மஃரிபுக்குப் பின் என்னை அழைத்து, "தம்பி, நீ பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவன். நான் போகலாமா, கூடாதா? நீ சொல்வதைக் கேட்கிறேன்" என்றார்கள்.

மதரசாவில் பாடம் நடத்துபவன் மார்க்கத் தீர்ப்பு வழங்குபவன் அல்லன். ஆகவே நான் இரண்டு மூத்த ஆலிம்களிடம் சென்று கேட்டேன். ஒருவர், "மதுவும் சூதும் நடக்கும் இடத்திற்குப் பொழுதுபோக்குக்காகக் காசு கொடுத்துப் போவதைத் தவிர்ப்பதே பேணுதல்" என்றார். மற்றவர், "கடல் பயணம் ஆகுமானது. மது வழங்கப்படும் விமானத்தில் நாம் ஏறவில்லையா? ஆனால் மது பரிமாறப்படும் விரிப்பில் அமரக்கூடாது, சூதாட்டக் கூடத்தை எட்டிப் பார்க்கக்கூடாது, தொழுகை தவறக்கூடாது, மஹ்ரமான ஆண் துணை வேண்டும். இவற்றைக் காக்க முடியுமானால் போகலாம்" என்றார்.

இருவர் சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் லாத்தாவிடம் சொன்னேன். அவர்கள் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அந்த நிபந்தனைகளைக் காக்கக்கூடிய கப்பல் உண்டா என்று பார். உண்டென்றால் போவோம், இல்லையென்றால் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்" என்றார்கள். எங்கள் தேர்வுக்கு அளவுகோல் அதுவே ஆயிற்று. ஹஜ் கடமையானவர் முதலில் அதை நிறைவேற்றட்டும். கடன் வாங்கி, அதுவும் வட்டிக்கு வாங்கி, உல்லாசம் தேட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லாத்தா தம் ஹஜ்ஜை முன்பே நிறைவேற்றியிருந்தார்கள்.

எந்தக் கடல்? எத்தனை நாள்?

முதன்முறை செல்வோர் கப்பலின் அழகைப் பார்க்கும் முன் கடலையும் பருவத்தையும் பார்க்க வேண்டும். அரபிக் கடல் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கொந்தளிக்கும். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயற்காலம். மலாக்கா நீரிணையோ ஒருபுறம் மலாயாக் கரையும் மறுபுறம் சுமத்திராவும் அணைத்து நிற்பதால் ஆண்டின் பெரும்பகுதி அமைதியாயிருக்கும். முதியோருக்கும், தலைசுற்றல் வருமோ என்று அஞ்சுவோருக்கும் அத்தகைய நீர்ப்பரப்பே முதல் அனுபவத்திற்கு ஏற்றது.

நாட்களின் எண்ணிக்கையிலும் நிதானம் தேவை. எங்கள் மருமகப் பிள்ளை ஏழு இரவுப் பயணத்தையே விரும்பினார். கடல் ஒத்துக்கொள்ளுமா, அங்குள்ள உணவும் சூழலும் ஒத்து வருமா என்பதை அறியாமல் ஏழு இரவுக்குக் கட்டணம் செலுத்துவது அறிவுடைமையாகாது. முதல் பயணம் மூன்று அல்லது நான்கு இரவுகளாக இருந்தால் போதும்.

வேறு வழிகளும் உண்டு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பலில் ஆடம்பரம் குறைவு. ஆனால் மக்கள் ஏறத்தாழ முழுவதும் முஸ்லிம்களாயுள்ள தீவுகளைக் காணலாம். அங்கே செல்ல முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். மதுவும் சூதும் அறவே இல்லாத உல்லாசக் கப்பல் உண்டா என்று கேட்போருக்கு ஒரு நற்செய்தி: சவூதி அரேபியாவின் 'அரோயா' கப்பல் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஜித்தாவிலிருந்து இத்தகைய பயணத்தைத் தொடங்கிற்று. எங்களுக்கோ மகன் சிங்கப்பூரில். லாத்தாவின் உள்ளம் பினாங்கில். ஆகவே சிங்கப்பூரிலிருந்து பினாங்கு சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணத்தையே நாடினோம்.

அறையும் கட்டணமும்

கப்பலில் அறைகள் பொதுவாக நால்வகை: சன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் சன்னலறை, மாடமுள்ள அறை, பல வசதிகள் கொண்ட பெரிய அறை. உள்ளறை மலிவானது, ஆனால் பகலும் இரவும் ஒன்றுபோல் இருக்கும். தொழுகை நேரத்தை வெளிச்சம் கண்டு அறிந்து பழகிய முதியோருக்கு அது மனச்சோர்வு தரலாம். கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளங்களிலும் மிகுதி. அறைக்கு நேர் மேலேயோ கீழேயோ ஆடல் அரங்கம் இருக்குமாயின் உறக்கம் போய்விடும். ஒவ்வொரு கப்பலுக்கும் தள வரைபடம் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அறையிலிருந்து உணவுக் கூடத்திற்குச் செல்லும் வழி சூதாட்டக் கூடத்தின் ஊடே செல்கிறதா, மின்தூக்கி அருகிலுள்ளதா என்றெல்லாம் பார்த்த பின்பே அறையைத் தேர்ந்தோம்.

இனிக் கட்டணத்திற்கு வருவோம். விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் ஓரறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் தொகையே. தனியாக ஓர் அறை எடுப்பவர் ஏறத்தாழ இரட்டிப்பாகக் கொடுக்க நேரும். கணவரை இழந்த தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடன்பிறந்தோர் என்பதால் லாத்தாவும் நானும் தனித்தனிக் கட்டில் போட்ட ஓரறையைக் கேட்டுப் பெற்றோம். மகன் குடும்பம் அடுத்த அறையில்.

அத்தொகைக்கு மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியருக்கான அன்பளிப்பு ஆகியவை சேரும். இந்த அன்பளிப்பைப் பல கப்பல்கள் ஓர் இரவுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தாமே எழுதிவிடுகின்றன. கரையில் ஊர் சுற்றிக் காட்டுவதற்கும், சிறப்பு உணவகங்களுக்கும், இணைய வசதிக்கும் தனிக் கட்டணம். எனவே, "எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒருவருக்கு 30,000 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து, நால்வருக்கு 1,20,000 ரூபாய் என மனக்கணக்குப் போட்டால், முடிவில் கணக்கு வேறாக நிற்கும். பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருத்தல் நலம். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கப்பல் புறப்பட்ட நாட்டிற்கே திரும்பி நுழைவதற்கும் அனுமதி இருக்க வேண்டும். இவ்விதிகள் அடிக்கடி மாறுவதால், சென்ற ஆண்டு போய் வந்தவர் சொல்லை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர நேரமாகும். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் மிகுதி. ஆகவே மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பு ஏற்பாடு தேவையா என்பதை ஆலிம்களிடம் கலந்து முடிவு செய்யுங்கள். தேய்ப்புப் பெட்டி, மின் அடுப்பு, சோறாக்கும் மின்பாத்திரம் போன்றவற்றை நம் பெண்கள் ஆசையாய் எடுத்து வருவதுண்டு. தீ விபத்தை அஞ்சி அவற்றைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் கடலில் செயற்கைக்கோள் வழியே இணைந்து பெருந்தொகைக்குக் கணக்கு வந்து சேரும்.

உணவும் தொழுகையும்

"எங்களிடம் பன்றி இறைச்சி இல்லாத உணவு உண்டு" என்று முகவர் சொன்னால் அது போதாது. பன்றி இல்லை என்பது வேறு. ஹலால் என்பது வேறு. அறுக்கப்பட்ட முறை, குழம்பில் சேரும் மது, இனிப்பில் சேரும் ஜெலட்டின், பொதுவான எண்ணெய்ச் சட்டி ஆகிய அனைத்தையும் கேட்க வேண்டும். தனிச் சமையற்கூடமும் அதற்கு ஹலால் சான்றும் உண்டா என்று கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் அத்தகைய சான்று பெற்ற உணவகம் உள்ளதைத் தேடிக் காண்பது அரிதன்று. நாங்கள் தேர்ந்த கப்பலில் அது இருந்தது. இல்லாத கப்பலாயின் மீனும் சைவ உணவும் உண்டு திரும்பலாம்; அவற்றிலும் மது சேர்ந்துள்ளதா என்று கேட்டே உண்ணுதல் வேண்டும்.

தொழுகையைப் பொறுத்தவரை, கப்பலில் நிற்க இயன்றவர் நின்றே தொழ வேண்டும். தலைசுற்றி விழ நேருமாயின் அமர்ந்து தொழலாம். கிப்லாவை அறிவதில்தான் கவனம் தேவை. கப்பலின் உடல் இரும்பாதலால் கைப்பேசியிலுள்ள திசைகாட்டி தடுமாறும். அறையிலுள்ள தொலைக்காட்சியில் கப்பல் செல்லும் பாதையைக் காட்டும் வரைபடம் இருந்தால் அதுவே நல்ல துணை. மலாக்கா நீரிணையில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. பினாங்கு நோக்கிச் செல்கையில் கப்பல் ஏறத்தாழ வடமேற்கே முகம் வைத்துச் செல்லும். ஆகவே கப்பலின் முன்முனையிலிருந்து சற்று இடப்புறமாகத் திரும்பினோம். திரும்பி வருகையில் கப்பலின் பின்புறம் நோக்கி நின்றோம். தொழுகையின் நடுவே கப்பல் திரும்பியது தெரிந்தால் நாமும் திரும்பிக்கொள்ள வேண்டும்.

பயணத்தில் கஸ்ரு செய்வதில் மத்ஹபுகளிடையே ஒற்றுமை உண்டு. இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது, ஹனஃபி மத்ஹபு அனுமதிப்பதில்லை. தூரமும் தங்கும் நாட்களும் பற்றிய கணக்கும் வேறுபடும். அவரவர் தம் இமாமிடம் கேட்டுத் தெளிந்து செல்வதே முறை. கப்பலின் குளியலறை மிகச் சிறியது. ஒரு சிறு குவளையும், உளூச் செய்தபின் தரையைத் துடைக்க ஒரு துணியும், மெல்லிய தொழுகை விரிப்பும் கொண்டு சென்றால் சிரமம் பாதியாகக் குறையும்.

கட்டணம் செலுத்தும் முன் வீட்டிலேயே நாங்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். பதினைந்து வயதுப் பேரன் தனியே எங்கெங்கு போகலாம், எங்கே கூடாது. நீச்சல் குளத்திற்கு யார் எந்நேரம், எவ்வுடையில். இரவு எத்தனை மணிக்குள் அறைக்குத் திரும்புதல் என்பதையெல்லாம் முன்பே பேசி முடித்தோம். பிள்ளைகளைக் கப்பலில் வைத்துத் தடுப்பதைவிடக் கரையில் வைத்துப் பேசுவது எளிது.

கடலில் மூன்று இரவுகள்

2025ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தில், பிப்ரவரியில், நாங்கள் புறப்பட்டோம். முதலில் அனைவருக்கும் ஆபத்துக்காலப் பயிற்சி நடந்தது. உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது, எந்த இடத்தில் கூடுவது என்று காட்டினார்கள். 1912ஆம் ஆண்டு டைட்டானிக் மூழ்கிய பின் 1914ஆம் ஆண்டு பிறந்த பன்னாட்டு உடன்படிக்கையே கடற்பயணப் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படை. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தாலிக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். புதிதாய் ஏறியோருள் பலருக்கு அதுவரை பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பின் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டுமென விதி இறுக்கப்பட்டது. சிலர் அதை விளையாட்டாகக் கருதிச் சிரித்து நின்றனர். லாத்தா முழங்கால் வலியோடு நாற்காலியில் அமர்ந்து கூர்ந்து கேட்டார்கள். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைப்பதல்லவா!

இரவில் இசையும் ஆட்டமும் நடந்தது உண்மை. ஆனால் கப்பல் பெரிது. விலகி நிற்க விரும்புவோர்க்கு விலக இடமிருந்தது. எங்கள் தளத்தின் வெளிப்பக்கம் ஒரு நீண்ட நடைபாதை. லாத்தா அங்கே தஸ்பீஹுடன் அமர்ந்துகொள்வார்கள். தொலைவில் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாய்த் தெரியும். இரண்டாம் நாள் சுப்ஹுக்குப் பின் கடல் வெளுத்துக்கொண்டு வருகையில் அவர்கள் மெல்லச் சொன்னார்கள்: "எத்தனை முறை அவங்க இந்தக் கடலைத் தாண்டிப் போயிருப்பாங்க! நான் கரையை மட்டும்தான் பார்த்தேன். அவங்க பார்த்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், தம்பி." நான் மறுமொழி ஏதும் கூறவில்லை.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே அணைந்து நின்றது. சில ஊர்களில் கப்பல் நடுக்கடலில் நிற்க, சிறு படகில் இறங்கிக் கரை சேர வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ளோர், துறையிலேயே அணையும் பயணத்தைக் கேட்டறிந்து தேர்வது நல்லது. அங்கிருந்து சிறிது தொலைவில்தான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801ஆம் ஆண்டளவில் இந்திய முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் அவர்களின் முயற்சியால் எழுந்தது. சற்று நடந்தால் சூலியா தெருவில் நாகூர் பெயர் தாங்கிய தர்காவும் உண்டு. மச்சான் தம் கடிதங்களில் எழுதிய அந்தப் பள்ளியில் பெண்களுக்கான பகுதியில் லாத்தா தொழுது, அவருக்காக நெடுநேரம் துஆச் செய்தார்கள். கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும், பிந்தியோருக்காகக் காத்திராது. ஆதலால் ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிட்டோம்.

நிறைவாக

அன்பர்களே! இதை எழுதுவது எல்லோரும் உல்லாசக் கப்பலில் ஏறுங்கள் என்று தூண்டுவதற்காக அன்று. முதலாவது ஆலிம் சொன்ன பேணுதலை மேற்கொண்டு ஒதுங்குவோரை நான் மதிக்கிறேன். போவோருக்கு நான் சொல்வது இதுதான்: விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டில் மிகவும் இயலாதவர் யாரோ, அவரை நடுவில் வைத்துக் கடலையும், காலத்தையும், அறையையும் தேர்ந்தெடுங்கள். மார்க்கத்தில் எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அதற்கு இடம் தரும் கப்பலைப் பின்னர் தேடுங்கள். அப்படி ஒன்று அகப்படாவிட்டால், அதற்கெனச் சேர்த்த பணம் வீட்டிலேயே இருக்கட்டும். அதற்கு வேறு நல்ல வழிகள் உண்டு.

கடலில் ஓடும் கப்பலை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலேறும்போது மொழிந்த சொல் ஹூது அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் உள்ளது. கப்பலேறும் முன் பிள்ளைகளுக்கு அதைப் பொருளுடன் கற்பியுங்கள். பயணப் பெட்டியில் வைக்க வேண்டியவற்றுள் முதலாவது அதுவே.

கடல் வழியாகவும் தரை வழியாகவும் செல்லும் நம் மக்கள் அனைவரையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நலமே கொண்டு சேர்ப்பானாக! கடல் கடந்து உழைத்து மறைந்த நம் மூத்தோரின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.